மறைக்கச் சொன்ன மஞ்சள் வரிகள்

என் நண்பன் எதையும் முழுக்கப் படிப்பவன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் படித்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவன் படிப்பான். கல்லூரிப் பரீட்சையில் நாங்களெல்லாம் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வியில் பாய்வோம். அவன் மேலே அச்சடித்திருக்கும் விதிமுறைகளை வாசித்துக்கொண்டிருப்பான். "டேய், அது எல்லா வருஷமும் ஒண்ணுதாண்டா" என்றால், "மாத்தியிருந்தா?" என்று கேட்பான். அந்தக் குணத்தால் அவனுக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. முதலில் சேர்ந்த கம்பெனியில் 'ரொம்ப ஸ்லோ' என்று பெயர் வாங்கி வெளியே வந்தான். அதன்பின் இரண்டு வருடம் எதுவும் நிலையாக அமையவில்லை. அப்போதுதான் நான் அவனை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குக் கூட்டிவந்தேன். கான்ட்ராக்ட் வேலைதான். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம் செய்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

இதில் யாருடைய பெயரையும் நான் போடப்போவதில்லை. மற்றவர்கள் பெயரை மரியாதைக்காக விட்டிருக்கிறேன். என் பெயரைப் பயத்தால் விட்டிருக்கிறேன்.

நாங்கள் செய்வது மருந்துகளைக் குளிராக வைத்திருக்கும் பெட்டிக்கான மூளை. உள்ளங்கை அளவு பலகை, அதன் நடுவில் ஒரு சிப். பெட்டிக்குள் சூடு ஏறினாலும் கத்த வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே போய் மருந்து உறைந்தாலும் கத்த வேண்டும். உறைந்து உருகிய மருந்து பார்க்க நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும், ஊசி போட்டால் வேலை செய்யாது. அதனால் கீழே போகும்போது கத்துவதுதான் முக்கியம்.

அந்தப் பலகைக்கான புரோகிராமை நாங்கள் எழுதினோம் என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. திரையில் கட்டங்கள் போட்டு, கோடுகளால் இணைத்து, ஒரு படம் வரைவோம். அதைப் படித்து ஒரு கருவி தானாகவே கோட் எழுதிக் கொடுக்கும். அந்தக் கருவியை எங்கள் கம்பெனியிலேயே யாரோ ஒருவர் பல வருடம் முன்பு செய்துவிட்டுக் கனடா போய்விட்டார். அது எழுதித்தரும் ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும், 'இது இயந்திரம் எழுதியது, கையால் திருத்தாதீர்கள்' என்று இருக்கும். அதை நாங்கள் அப்படியே கடைப்பிடித்தோம். கையால் தொடக்கூடாது என்றதைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம் என்று ஆக்கிக்கொண்டதுதான் எங்கள் சாமர்த்தியம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பழைய சிப் இனிமேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். "படம் அப்படியே இருக்கட்டும், சிப்பை மட்டும் மாத்துங்கப்பா" என்றார் மேனேஜர். குக்கரை மாற்றுவது மாதிரி சொன்னார். புதிய சிப்பில் முதல் நாள் ஓட்டியபோது கம்பைலர், அதாவது நம் கோட் வரிகளைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள், திரை முழுக்க மஞ்சள் வரிகளாகக் கொட்டியது. சிவப்பு வரி வந்தால் வேலை நின்றுவிடும். மஞ்சள் வரி எச்சரிக்கை மட்டும்தான், முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். வந்தவற்றில் முக்கால்வாசி, இந்த எண்ணை எங்கும் பயன்படுத்தவில்லையே, இதன் அளவும் அதன் அளவும் ஒத்துப்போகவில்லையே என்கிற மாமியார்த்தனமான புகார்கள். அத்தனையும் அந்தக் கருவி எழுதிய ஃபைல்களிலிருந்து வந்தவை.

என் நண்பன் அவ்வளவையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தான். காலையில் திருநின்றவூரில் ஏறும் ரயிலில் படிப்பான், சாப்பாட்டு நேரத்தில் படிப்பான், பார்த்து முடித்ததற்கு நேராக ஒரு சின்ன டிக் போடுவான். பக்கத்து சீட்டுக்காரர்கள் அவனை ஆடிட்டர் என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன்.

"இத்த யாராவது ஒருத்தன் பாத்துதானே ஆவணும் மச்சான்?" என்பான்.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லேத், டிரில்லிங் மெஷின், லாரி, வாட்ச்மேன் சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பிரிவில் ஸ்பேனரோ சுத்தியலோ கிடையாது. அதனால் ஒரு லேப்டாப்பையும் பலகையையும் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். நல்ல நேரத்தில் முதலாளியின் மனைவி வந்து விசையைத் தட்டுவார். புரோகிராம் முதலிலிருந்து கட்டப்பட்டுப் பலகைக்குள் இறங்கும், பச்சை விளக்கு எரியும், எல்லாரும் கை தட்டுவோம். அதற்கு முந்தின பூஜையில் நாலைந்து மஞ்சள் வரி ஓடிவிட்டது. "ஏன் மஞ்சளா வருது, ஏதாவது கோளாறா?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். மேனேஜர் அன்று விழுங்க முடியாததை ஒரு வருடமாக வாயிலேயே வைத்திருந்தார். "இந்தத் தடவை அம்மா முன்னாடி ஸ்க்ரீன் சுத்தமா இருக்கணும்" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் அந்த டீமுக்கு லீட். சுத்தம் செய்ய வேண்டியது என் பொறுப்பு.

பூஜை நாள் காலை. நான் லேப்டாப் மூடிக்கும் மேஜைக்கும் சந்தனம் தடவிக்கொண்டிருந்தேன். என் நண்பன் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பொட்டு வைக்கிற வேலையில் அவனைச் சேர்க்க மாட்டோம், அவனும் வர மாட்டான். பொரி கடலைக்கு மட்டும் முதல் ஆளாக வருவான். அதனால் அவன்தான் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தான். நல்ல நேரத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது.

"கருவி எழுதின ஃபோல்டருக்கு மட்டும் வார்னிங்கை மறைச்சிடுடா" என்றேன்.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி கீது மச்சான். அதுல ஒண்ணு எனக்குப் புரியவே இல்ல. சைபருக்குக் கீழ போச்சான்னு பாக்குற எடத்துல, இது எப்பவுமே நடக்காதுன்னு சொல்லிகினு கீது. எப்டி நடக்காம பூடும்?"

"பூஜை முடியட்டும், பாக்கலாம்."

"முடிஞ்சதும் எடுத்துரணும்."

"எடுத்துரலாம்டா."

"அப்போ நீயே போட்டுடேன்."

"கையெல்லாம் சந்தனம்டா. நீ போடு."

அவன் என் சந்தனக் கையைப் பார்த்தான். பிறகு போட்டான். எச்சரிக்கையைக் காட்டாதே என்று ஒரே ஒரு வரி. யார் எந்த வரியை எப்போது சேர்த்தார்கள் என்று எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே பதிவு செய்துகொள்ளும். அந்த வரிக்கு நேராக அவன் பெயர் ஏறியது. யார் சொல்லிப் போட்டார்கள் என்பதைப் பதிவு செய்ய எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

திரை துடைத்துவிட்ட மாதிரி ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. அந்த அம்மா, "இந்த வருஷம் ரொம்ப லட்சணமா இருக்கு" என்றார். மேனேஜர் என் முதுகைத் தட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நானேதான் அதையும் உடைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தால் கஸ்டமர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவன் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான். முதல் தடவை, "அடுத்த வாரம்" என்றேன். இரண்டாவது தடவை எனக்கு என்ன கோபமோ தெரியவில்லை, நாலு பேர் இருக்கும்போது, "உன்ன ஸ்லோன்னு சொன்னவன் தப்பா சொல்லலடா" என்றேன். அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அன்று மாலை வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தான், நானும் குடித்தேன்.

பெட்டியைக் குளிர் அறைக்குள் இரண்டு நாள் வைத்து, உறைநிலைக்குக் கீழே கத்துகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. படம் ஒரு கோடுகூட மாறவில்லையே, சிப்தானே மாறியிருக்கிறது என்று, பழைய சிப்பில் செய்த சோதனையின் அறிக்கையையே இணைத்து அனுப்பினோம். வழக்கமாக அப்படித்தான் செய்வோம். கையெழுத்து என்னுடையது.

குளிர் காலம் முடிவதற்குள் புகார் வந்தது. ஏதோ ஒரு மலையூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெட்டியின் குளிரூட்டி பழுதாகி நிற்காமல் ஓடியிருக்கிறது. மருந்தெல்லாம் உறைந்துவிட்டது. பெட்டி கத்தவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊசி போட எடுத்த ஒரு நர்ஸ், புட்டியின் அடியில் பனித்துகள் மினுங்குவதைக் கவனித்து நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் மேனேஜர். அந்த நர்ஸ் ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

காரணத்தை என் நண்பன் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்குத்தான் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியுமே. பிரிண்ட் தாளின் கடைசிப் பக்கத்தில் டிக் போடாமல் விட்ட வரிக்கு நேராகப் போனான். எண்களைப் போட்டு வைக்க ஒவ்வொரு புரோகிராமிலும் சின்னதும் பெரியதுமாகப் பாத்திரங்கள் உண்டு. எங்கள் கருவி வெப்பநிலையை ஆகச் சின்னப் பாத்திரத்தில் வைத்திருந்தது. பழைய சிப்பில் அந்தப் பாத்திரத்துக்கு மைனஸ் என்றால் தெரியும். புதிய சிப்பில், நாமாகச் சொல்லாவிட்டால், தெரியாது. மைனஸ் ஐந்தைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தொன்று என்று படிக்கும். நூறுக்கு மேல் போனால் சென்சார் உளறுகிறது, கண்டுகொள்ளாதே என்று நாங்களேதான் படத்தில் போட்டிருந்தோம். அதனால் குளிர் இறங்க இறங்கப் பெட்டி அதை உளறல் என்றே தள்ளிவிட்டு, எல்லாம் சுகம் என்று இருந்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே போவது இனி ஒருபோதும் நடக்காது என்று கம்பைலர் சொன்னது இதைத்தான். கருவியின் அமைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினோம். சரிசெய்ய அரை நாள் ஆயிற்று.

விசாரணைக் கூட்டம் மூன்றாம் மாடி ஹாலில் நடந்தது. கஸ்டமர் தரப்பில் இருவர், எங்கள் மேனேஜர், நான், அவன். மேனேஜர் அந்தப் பதிவைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். எச்சரிக்கையை மறைத்த வரி, நேரம், பக்கத்தில் அவன் பெயர்.

"இதை யாருப்பா போட்டது?" என்றார், பெயர் சுவரிலேயே இருக்கும்போது.

"நான்தான் சார் போட்டேன்."

"ஏன் போட்டீங்க?"

அவன் என் பக்கம் திரும்பினான். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. படிக்கட்டில் முன்னால் ஏறுகிறவன், பின்னால் வருகிறவனுக்காக நிற்பானே, அப்படி நின்றான். நான் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நான்தான் சார் போடச் சொன்னேன். நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். லீட் பதவி, மகளின் ஸ்கூல், வீட்டில் என்ன சொல்வது என்று காரணங்கள் பிறகு நிறையச் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அவை எதுவும் என் மனதில் இல்லை. வெறும் பயம்தான் இருந்தது.

"பூஜைக்கு ஸ்க்ரீன் சுத்தமா இருக்கணும்னு போட்டேன் சார்" என்றான் அவன். கஸ்டமர் ஆள் ஒருவர் சிரித்தேவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்தச் சுத்தத்தைக் கேட்டது யார் என்று அவருக்கும் தெரியும். அவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி தூரம்தான்.

மாதக் கடைசியில் அவன் கான்ட்ராக்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அழ வேண்டியவன் அவன், அழுதது நான்.

"உட்றா மச்சான். நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும்தான் போயிருப்போம். ஒருத்தனாவது உள்ள கீறானேன்னு நெனச்சிக்கறேன். பொண்ண வெச்சிகினு கீற, நீ இன்னா பண்ணுவ?"

இப்படி மன்னிக்காமல் அவன் என்னை அறைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் கொடுத்த சாக்கைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அவன் திருநின்றவூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். நிறைய இடங்களுக்கு வேலைக்கு விண்ணப்பித்தான். எல்லா இடத்திலும் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வருவான், கடைசியில் பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். எஸ்டேட்டு ஒரு சின்ன ஊர். மருந்துப் பெட்டி விஷயம் அவனுக்கு முன்னாலேயே எல்லா வாசலிலும் போய் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி தட்டில் மீன் வறுவல் வைத்தபடி, "அண்ணா, இவர் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? அது போதும்ணா எங்களுக்கு" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவன் போன் செய்தான். பூந்தமல்லியில் ஒரு கம்பெனி. அவன் செய்த அதே வேலை, சிப் மாற்றும்போது கோட் வரிகளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே ஆள் தேடியிருக்கிறார்கள். இவனுக்காகவே வானத்திலிருந்து விழுந்த வேலை.

"எல்லாம் முடிஞ்சுது மச்சான். பழைய லீட் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர்டர் கொடுக்குறாங்களாம். உன் நம்பர் குடுத்துகீறேன்" என்றான். "எதுவுமே நான் உன்கிட்ட கேட்டது இல்ல. இந்த ஒரு வாட்டி சொல்லிடு. நான் சொல்லித்தான் அவன் போட்டான்னு. வேற கம்பெனிதானே, உனக்கு ஒண்ணியும் ஆவாது."

"இது என்னடா கேக்கணுமா? சொல்றேன்" என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். வார்த்தைகளைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், மேனேஜரும் நானும் ஆபீஸ் காரில் ஆவடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் மரியாதையாகப் பேசினார். வேலை எப்படி, பழக்கம் எப்படி என்று கேட்டார். தங்கமான ஆள் என்றேன். "ஒரு இன்சிடென்ட் கேள்விப்பட்டோம் சார். அது இவரால நடந்ததா?" என்றார்.

மேனேஜர் தன் போனிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அது வந்து மேடம், டீமா நடந்த தப்பு" என்றேன்.

"ரெக்கார்டுல இவர் பேர்தான் இருக்குன்னு சொன்னாங்களே?"

"ஆமா. ரெக்கார்டுல அவர் பேர்தான்."

"ஓகே சார், தேங்க்யூ" என்று வைத்துவிட்டார். அந்த நம்பர் என் போனிலேயே இருந்தது. அன்று மாலை கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் கூப்பிட்டிருக்கலாம். தனியாக இருந்த எத்தனையோ நேரம் அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவன் போன் செய்தான்.

"வேணாம்னுட்டாங்க மச்சான். உனக்குப் போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்கடா."

"சொன்னியா?"

"சொன்னேன்."

அவனுக்குப் பின்னால் குழந்தைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ சொல்லியுமே வேணாம்னுட்டாங்கன்னா, அப்போ என்கிட்டதான் இன்னாவோ கொற கீது. இத்தினி நாளா அந்த ஒரு வரியாலதான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான். "அசிங்கமா இருந்திருக்கும் இல்ல உனக்கு, வெளியாள் கிட்ட அத்த ஒத்துக்கறது? எனக்கோசரம் பண்ண. தேங்க்ஸ் மச்சான்."

"பரவால்லடா" என்றேன்.